ஆரஞ்சுப் பீப்பாயின் மணி

அத்தியாயம் 6

ஆரஞ்சு நிறப் பீப்பாய்க்குள் கோலிக்குண்டு விழுந்தது. மணி அடிக்கவில்லை.

தேர்தல் அதிகாரி ஒலிமாட்டா கேய் பீப்பாயின் மூடியில் இருந்த குழாயில் இன்னொரு குண்டை விட்டுப் பார்த்தாள். அதுவும் ஊமையாகவே உள்ளே போயிற்று. மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தவள், மூடியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள். உள்ளே மணியைக் காணோம். வாக்குப்பதிவு மறுநாள் காலை.

எங்கள் காம்பியாவில் ஓட்டு என்றால் கோலிக்குண்டுதான். ஆளுக்கு ஒரு குண்டு, வேட்பாளருக்கு ஒரு பீப்பாய். மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்தவரின் பீப்பாயில் குண்டை விட்டால் மணியில் பட்டு 'டிங்' என்று ஒரே ஒரு தடவை ஒலிக்கும். வெளியே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஒரு 'டிங்' கேட்டால் ஓட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு கேட்டால் யாரோ கள்ள ஓட்டுப் போடுகிறான். மணி இல்லாத பீப்பாயில் ஒருவன் சட்டைப்பை நிறையக் குண்டு கொண்டுபோய்க் கொட்டினாலும் யாருக்கும் தெரியாது.

ஆரஞ்சுப் பீப்பாய் நடப்புக் கவுன்சிலர் யூசுஃபா ஜாய்ட்டேயுடையது. எனவே, காலைக் கஞ்சி ஆறுவதற்குள் ஜிபாரா ஊரே முடிவு செய்துவிட்டது: மணியைத் திருடியது அவரேதான். அவர் அலறிப் புடைத்துக்கொண்டு படகேறி, உப்பங்கழியைக் கடந்து, சீத்தாகோ டவுனில் டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார். அந்த அறையில்தான் சிரா ஜூஃப் துப்பறிந்துகொண்டிருந்தாள்.

சிரா முன்பு போலீஸில் இருந்தவள். மேலதிகாரி சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதால் வேலை போயிற்று. இப்போது ஓடிப்போன ஆடுகளையும் ஓடிப்போன கணவன்மார்களையும் தேடிக் கொடுக்கிறாள். இரண்டில் ஆடுதான் சீக்கிரம் கிடைக்கும், கிடைத்தபின் சந்தோஷமும் அதில்தான் அதிகம் என்பாள். அவளுடைய உதவியாளன் அன்சு பாஜி அவளைவிடப் பத்து வயது மூத்தவன். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன், டாக்சி செத்த பிறகு இங்கே வந்துவிட்டான். சிரா செரேர் இனத்தவள், அன்சு ஜோலா. இந்த இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் வாரிக்கொள்வது பிறப்புரிமை. கோபித்துக்கொள்பவர்தான் தோற்றவர்.

"என் பேரே நாறிப்போச்சும்மா," என்றார் ஜாய்ட்டே. "சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள அந்த மணி பீப்பாய்ல இருக்கணும். இல்லேன்னா ஜிபாரா பூத்தை மூடிருவாங்களாம்."

அன்சு நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னான். "கவலைப்படாதீங்க கவுன்சிலரே. மணி காணாமப் போனா தேடுறது சுலபம். ஆடு மாதிரி ஊமைக் குசும்பு பண்ணாது. சத்தம் போடும்."

படகில் போகும்போது, துடுப்புப் போட்டது அன்சு. சிரா கையைக் கழித்தண்ணீரில் விட்டுக்கொண்டு யோசித்தாள். செரேர்காரர்கள் படகில் பிறந்தவர்கள் என்று பீற்றிக்கொள்வார்கள், ஆனால் துடுப்பைத் தொட மாட்டார்கள் என்று அன்சு குறைப்பட்டுக்கொண்டான். ஜோலாக்காரன் மத்தியானம் தின்னப்போகும் சோற்றைக் கரைக்கத்தான் இந்த ஏற்பாடு என்றாள் சிரா.

ஜிபாரா அக்கரையில் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு ஒரு பெண் சிப்பி எடுப்பவள். போன தேர்தல் வரையில் அவர்கள் ஓட்டுப் போட வேண்டுமானால் டவுனுக்கு வரவேண்டும். நீர் ஏறும் வரை காத்திருந்து படகு பிடித்து, டவுன்காரர்களோடு வரிசையில் வெயிலில் காய்ந்து, நீர் வற்றுவதற்குள் திரும்பவேண்டும். அன்றைய சிப்பி போச்சு, அடுப்பு போச்சு. பெரும்பாலான பெண்கள் வரவே மாட்டார்கள். கவுன்சிலருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் அவர்கள் வார்டுக் கூட்டத்துக்கு வந்தார்கள், அன்று எடுத்த சிப்பிக் கூடைகளோடு. எங்கள் ஊரிலேயே எங்களுக்கு ஒரு பூத் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கூடைகளை நடுவில் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கோரிக்கையைப் பரிசீலிப்பதாகத் தலைவர் சொன்னார். வெயில் ஏற ஏற வாடையும் ஏறியது. கூட்டம் முடிவதற்குள் பரிசீலனையும் முடிந்து, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு கை தூக்கியவர்களில் ஜாய்ட்டேயும் ஒருவர்.

அப்படிக் கிடைத்த பூத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

பூத், பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறை. ஆரஞ்சு, பழுப்பு, ரோஸ் என்று மூன்று பீப்பாய்கள். ரோஸ் பீப்பாய் சிப்பிக்காரி யாமா ஜார்ஜுவுடையது. பழுப்புக்காரர் ஒரு தையல்காரர்; பெயரைச் சொன்னால் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது.

சிரா முதலில் ஆரஞ்சை முகர்ந்து பார்த்தாள். புதுப் பெயிண்ட். நிறம் மங்கிவிட்டது என்று சொல்லி, கவுன்சிலரின் ஆட்களே போன வாரம் எடுத்துப்போய் அவருடைய கொட்டகையில் வைத்து வண்ணம் அடித்துக் கொண்டுவந்தார்கள் என்று ஒலிமாட்டா சொன்னாள். மணியைத் தாங்கியிருந்த திருகாணிகள் தொலையவில்லை. கழற்றியவர் அவற்றை விளிம்பில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"ரொம்ப நல்ல குடும்பத்துத் திருடன்," என்றான் அன்சு.

அவன் சும்மா இருக்காமல் மற்ற இரண்டு பீப்பாய்களிலும் ஒவ்வொரு குண்டைப் போட்டான். டிங். டிங். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் அழுவதுபோல ஒரே மாதிரி இருந்தன.

ஒலிமாட்டா அப்போது ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய பெட்டியிலேயே உபரி மணி ஒன்று இருக்கிறது. மாட்டுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் வேட்பாளர் சம்மதிக்கவேண்டும். கவுன்சிலர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். சம்மதம் இல்லாவிட்டால் பூத்தை மூடி, எல்லோரையும் டவுனுக்கு அனுப்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

சிரா மெதுவாகத் திரும்பினாள். "ஏன் ஐயா? மணிதானே? எதுவா இருந்தா என்ன?"

"அது ராசியான மணிம்மா," என்றார் ஜாய்ட்டே. "அதேதான் வேணும். வேற எதையும் என் பீப்பாய்ல மாட்ட விடமாட்டேன்."

சிரா அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

காவல்காரர் சன்னா வாசலில் முழித்துக்கொண்டு நின்றார். நேற்று மாலை ஒத்திகை வாக்குப்பதிவு நடந்தது. ஊரே வந்து விளையாட்டாகக் குண்டு போட்டுப் பழகிக்கொண்டது. பிறகு பூட்டியது பூட்டியபடிதான் இருந்தது, ஒரு ஈகூட உள்ளே போகவில்லை என்று அவர் சாதித்தார். இன்று காலையில் அறையைப் பெருக்கியது யார் என்று சிரா கேட்டாள். அதுவா, கன்யெலெங் பெண்கள் வந்து பெருக்கிவிட்டுப் போனார்கள், அவர்களை எப்படி ஆள் கணக்கில் சேர்ப்பது என்றார்.

கன்யெலெங் பெண்கள் எங்கள் ஊர்க் கோமாளிகள். பிள்ளை தங்காமல் போன பெண்கள் ஒன்றுசேர்ந்து, துக்கத்தின் மூஞ்சியில் சிரித்துக் காட்டுவதற்காக வேஷம் கட்டுவார்கள். ஆண்கள் கால்சட்டையும் தலையில் சுரைக்குடுவையுமாக வந்து அவர்கள் சொல்லாததும் இல்லை, ஆடாததும் இல்லை. கல்யாணமோ தடுப்பூசியோ தேர்தலோ, ஊரைக் கூட்டவேண்டுமென்றால் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"அவங்க பெருக்கும்போது நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

சன்னா தலையைச் சொறிந்தார். "ஒருத்தி என்னை மாதிரியே நடந்து காட்டினா. என் தொப்பை, என் குறட்டை, எல்லாம். நான் சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்து ஒண்ணுமே தெரியல. பெஞ்சுல இருந்து கீழேகூட விழுந்தேன்."

"எவ்வளவு நேரம் கண்ணு தெரியல?" என்று அன்சு கேட்டான்.

"இரண்டு திருகாணி கழட்டுற நேரம்," என்று சிராவே பதில் சொல்லிவிட்டுக் கரையை நோக்கி நடந்தாள்.

கரையில் சிப்பி அவிக்கும் கொட்டகையிலிருந்து புகை வந்தது. அதன் முன்னால் ஏழெட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நியிமா கோலி, அவர்களுடைய தலைவி. கணவனின் கோட்டும் தொப்பியும், ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் முழங்கால் வரை தொங்கும் ஒரு மாலை. மாலையில் என்ன இல்லை? தக்காளி டின், கரண்டி, சோடா மூடி, ஆட்டு மணி, கதவுக் கொண்டி, சைக்கிள் மணி. அவள் ஒரு குதி குதித்தால் பாத்திரக்கடை சரிந்ததுபோல் இருந்தது.

"செத்தோம்," என்று அன்சு முணுமுணுத்தான். "மணியைத் தேடி மணிக்கடைக்கே வந்துட்டோம். தங்கச்சி, இதுல எதுன்னு கண்டுபிடிப்பே?"

அவன் முடிப்பதற்குள் இரண்டு பெண்கள் அவனை இழுத்து நடுவில் விட்டுவிட்டார்கள். ஒருத்தி சுரைக்குடுவையை அவன் தலையில் கவிழ்த்தாள். இன்னொருத்தி இவன்தான் புதுக் கவுன்சிலர் என்று அறிவித்து, அவன் வாக்குறுதிகளைக் கேட்டாள். எல்லோருக்கும் மத்தியானம் சோறு போடுவதாக அன்சு வாக்களித்தான். யார் சமைப்பது என்று கேட்டார்கள். அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னான். நிஜக் கவுன்சிலர்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சிரா சிரிக்கவில்லை. அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றைய ஒத்திகையின்போது அங்கேயே அவர்கள் கட்டிய பாட்டு. ஓட்டுப் போட வா, குண்டைக் கையில் எடு என்று ஆரம்பித்து ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி முடிந்தது: டிங், டிங், டொங்.

வகுப்பறையில் கேட்டது இரண்டு டிங். அப்படியானால் டொங் எது?

அவள் பார்வை நியிமாவின் மாலைக்குப் போயிற்று. நியிமா குதித்தாள். டின் கத்தியது, கரண்டி கத்தியது, ஆட்டு மணி கத்தியது. மாலையில் இருந்த ஒவ்வொரு சாமானும் பக்கத்துச் சாமானோடு சண்டை போட்டது. ஒன்றே ஒன்று மட்டும், இடது பக்கம் கோட்டுப் பட்டனுக்குக் கீழே கிண்ணம்போல் கவிழ்ந்திருந்த பித்தளைச் சாமான், வாயே திறக்கவில்லை.

சிரா கூட்டத்துக்குள் நுழைந்து, ஆடுகிற நியிமாவின் மாலையிலிருந்து அதை மட்டும் இரண்டு விரலால் பிடித்தாள். உள்ளே களிமண் அடைத்திருந்தது. ஆட்டம் நின்றது.

"எல்லா மணியும் பேசுறப்போ இது மட்டும் ஏன் நல்ல பிள்ளையா இருக்குன்னு பார்த்தேன்," என்றாள் சிரா.

நியிமா தப்பிக்கப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோமாளி முகம் போய், களைத்துப்போன ஒரு நாற்பது வயதுக்காரியின் முகம் வந்தது.

"கண்டுபிடிச்சுட்டேல்ல. அதை ஒரு தட்டுத் தட்டிப் பாரு. அப்புறம் யாரு திருடன்னு நீயே சொல்லு."

சிரா களிமண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, கரண்டியை வாங்கி மணியைத் தட்டினாள்.

டொங்.

கொட்டகையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்சு தலையிலிருந்த சுரைக்குடுவையை மெதுவாக எடுத்தான்.

நியிமா சொன்னாள். நேற்று ஒத்திகையில் ஊர் இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை. பாட்டுக் கட்டுகிறவர்களுக்குக் காது பொய் சொல்லாது. ரோஸும் பழுப்பும் டிங் என்றன. ஆரஞ்சு மட்டும் டொங் என்றது. மறைப்புக்குப் பின்னால் யார் எதில் போட்டாலும், ஜன்னலுக்கு வெளியே நிற்பவனுக்கு அது கேட்டுவிடும். அதற்கு முந்தின நாள்தான் கவுன்சிலர் இந்தக் கொட்டகைக்கு வந்து, அடுத்த வருஷம் கொட்டகையில் யார் யாருக்கு அடுப்பு என்பதைத் தேர்தலுக்குப் பிறகு முடிவு செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஓட்டுப் போடுகிற அன்று பூத் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன், எனக்குக் காது ரொம்ப நல்லா கேட்கும் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் நேற்றுத்தான் புரிந்தது.

அதிகாரியிடம் சொன்னால் கோமாளிப் பேச்சை யார் நம்புவார்கள் என்று நினைத்தார்கள். மணியை எடுத்துவிட்டால் நல்ல மணி ஒன்றை மாட்டிவிடுவார்கள் என்று எடுத்தார்கள். அவர் சம்மதிக்காமல் இருப்பார் என்று நினைக்கவில்லை.

"திருப்பிக் குடுத்தா எங்க ஓட்டு ஊருக்கே கேக்கும். குடுக்கலேன்னா பூத்தே போயிரும்," என்றாள் நியிமா. "இந்த பூத்துக்காக நாங்க எவ்வளவு நாறினோம்னு உனக்குத் தெரியும்."

சிராவுக்கு வேலை கொடுத்தவர் ஜாய்ட்டே. தேடச் சொன்னது மணியை. மணி கையில் இருக்கிறது. அன்சு அவள் முகத்தைப் பார்த்தான். அதைப் பேசாமல் கழியில் எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்று கேட்டான்.

"மாட்டேண்ணே. கேட்டவருக்குக் கேட்டதைக் குடுத்தே ஆகணும்." அவள் மணியைத் தலைத்துணியின் முனையில் முடிந்துகொண்டாள். "எந்த இடத்துல வெச்சுக் குடுக்கணும்னு மட்டும் அவர் சொல்லல."

அசர் தொழுகைக்குச் சற்று முன்னால் வகுப்பறை நிறைந்துவிட்டது. மூன்று வேட்பாளர்களின் ஏஜென்டுகள், ஒலிமாட்டா, காவல்காரர் சன்னா, ஜன்னலில் சிப்பிக்காரிகளின் தலைகள். சிரா மணியை எடுத்து நீட்டினாள். ஜாய்ட்டேயின் முகம் பண்டிகை நாள்போல் மலர்ந்தது. யார் எடுத்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. சீக்கிரம் மாட்டுங்கள் என்று அதிகாரியை அவசரப்படுத்தினார்.

"இதேதானே ஐயா? நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"இதேதான். என் ராசி மணி. ஆயிரத்துல அடையாளம் சொல்வேன்."

மணியை மாட்டினார்கள். சரிபார்ப்பதற்கு ஒரு சின்னச் சோதனை என்று சிரா அதிகாரியிடம் அனுமதி கேட்டாள். எல்லோரும் பீப்பாய்களுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். அன்சு ஏதாவது ஒன்றில் குண்டு போடுவான். எந்த நிறம் என்று சன்னா சொல்லவேண்டும்.

ஜாய்ட்டே திடீரென்று தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார். இன்னும் அழைப்பே வரவில்லை என்று ஜன்னலிலிருந்து யாரோ சொன்னார்கள்.

டிங். தெரியவில்லை என்றார் சன்னா. டிங். ரோஸா, பழுப்பா, சத்தியமாகத் தெரியவில்லை என்றார்.

டொங்.

"ஆரஞ்சு," என்றார் சன்னா.

மறுபடி டொங். ஆரஞ்சு என்று இந்த முறை ஜன்னலே சேர்ந்து சொன்னது. அன்சு குஷியாகிக் குண்டுகளை மாற்றி மாற்றிப் போட, ஜன்னலில் இருந்த நியிமா அதற்கு இடுப்பை ஆட்டத் தொடங்கிவிட்டாள். பழுப்புக்காரரின் ஏஜென்டு சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் முட்டிக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜாய்ட்டே. இன்னொருத்தி ஒலிமாட்டா. அவளுக்கு விஷயம் எதுவரை போகிறது என்று புரிந்துவிட்டது.

"ஓட்டு ரகசியம்னு இந்தப் பொண்ணுங்ககிட்ட வீடு வீடாப் போய் நான்தான் சொன்னேன்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "இந்த மணி எப்படி இங்க வந்துச்சு, கவுன்சிலரே?"

எனக்கு எப்படித் தெரியும், வேண்டாதவர்கள் யாரோ மாற்றியிருப்பார்கள் என்றார் ஜாய்ட்டே. ஆயிரத்தில் அடையாளம் சொல்வேன் என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று சிரா பணிவாக நினைவூட்டினாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, மணியில் என்ன இருக்கிறது, எந்த மணியாக இருந்தாலும் ஓட்டு ஓட்டுதானே, பெட்டியில் இருப்பதை மாட்டுங்கள், எனக்குப் பூரண சம்மதம் என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார். மணி மாற்றிய விவகாரத்தை மேலே எழுதி அனுப்பப்போவதாக ஒலிமாட்டா அவர் முதுகுக்குச் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஜிபாரா பூத் திறந்தது. சிப்பிக்காரிகள் தண்ணீர் வற்றும்போதே எடுக்கவேண்டியதை எடுத்துவிட்டு, ஈரப் பாவாடையோடு நேராக வந்து வரிசையில் நின்றார்கள். படகு இல்லை, காத்திருப்பு இல்லை. ஐம்பது வயதில் முதல் ஓட்டுப் போடுகிறவள் ஒருத்தி, மை வைத்த விரலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வீடு வரை போனாள்.

ஜாய்ட்டே சொன்னபடியே ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷமாகக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். டிங். அடுத்தவள் போனாள். டிங். அதற்கடுத்தவள். டிங்.

முதலில் வெளியே வந்த நியிமா நேராக அவரிடம் போய், அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, மிகுந்த மரியாதையோடு சொன்னாள். "உங்களுக்குத்தான் போட்டேன் கவுன்சிலரே."

அவர் சந்தேகமாகச் சிரித்தார். அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். வரிசை முழுக்க ஒருத்தி விடாமல் வந்து, கையைக் குலுக்கி, அவருக்குத்தான் போட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் அவர் கை முழுக்கச் சிப்பி வாடை. ரோஸ் வேட்பாளர் யாமா ஜார்ஜுகூட ஓட்டுப் போட்டுவிட்டு வந்து உங்களுக்குத்தான் என்றாள். அப்போதுதான் அவருக்கு வியர்க்க ஆரம்பித்தது. ஆனாலும் மனது கேட்கவில்லை. இத்தனை பேர் சொல்கிறார்களே, பாதியாவது நிஜமாக இருக்காதா என்று அன்சுவிடமே கேட்டார். எனக்கு இங்கே ஓட்டு இல்லை, இருந்திருந்தால் நானும் உங்களுக்குத்தான் என்றான் அன்சு.

மாலையில் அங்கேயே, குழிகள் போட்ட தட்டுகளில் குண்டுகளை அடுக்கி எண்ணினார்கள். ரோஸ் பீப்பாயைக் கவிழ்த்தபோது குண்டுகள் மழைபோலக் கொட்டின. தட்டுக்கு மேல் தட்டு நிரம்பியது. பழுப்புக்காரருக்கும் கௌரவமாகவே விழுந்திருந்தது. தன் மனைவிதான் பிரசாரம் செய்தாளோ என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

ஆரஞ்சுப் பீப்பாயைக் கவிழ்த்தார்கள். தட்டின் முதல் வரிசைக் குழிகளே நிரம்பவில்லை.

ஜாய்ட்டே அதிகாரியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு, யாரும் தடுப்பதற்குள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பீப்பாய்க்குள் கழுத்து வரை தலையை விட்டு, மிச்சம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.